'உங்க வேகத்துல படிங்க'… சரி, யாருடைய நேரத்துல? பள்ளி நூலகர்களின் டிஜிட்டல் பயிற்சி: ஒரு விளக்கம்

ஆபீஸ் மெயிலில் அந்த லிங்க் உங்களுக்கும் வந்திருக்கும். "இந்த ஆன்லைன் கோர்ஸை மாதக் கடைசிக்குள் முடிக்கவும்." வீடியோவை ம்யூட் பண்ணி ஒரு டேபில் ஓடவிட்டு, இன்னொரு டேபில் வேலையைப் பார்த்து, கடைசியில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்து சர்டிஃபிகேட்டை இறக்கியிருப்பீர்கள். மறுநாள் "அதுல என்ன சொன்னாங்க?"ன்னு யாராவது கேட்டா, சிரிச்சு மழுப்பிட்டு டீ குடிக்கப் போயிடுவோம்.

இதே வகைப் பயிற்சி இப்போது பள்ளி நூலகர்களுக்கும் வந்துவிட்டது. கோஹா கத்துக்கோங்க, டிஜிட்டல் நூலகம் கத்துக்கோங்க, ஏஐ கத்துக்கோங்க. எல்லாம் இலவசம், எல்லாம் உங்கள் வேகத்தில். ஆனால் உங்களுக்குக் கோர்ஸ் முடிக்க ஆபீஸ் லேப்டாப்பும் ஆபீஸ் நேரமும் கிடைக்கிறது. பள்ளி நூலகருக்கு?

ஒரு நூலகரைக் கற்பனை செய்துகொள்வோம். மும்பை மாட்டுங்காவில் ஒரு பள்ளி. 1932-ல் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி உட்பட, தமிழர்களின் கல்வி முயற்சிகள் பல வேர் பிடித்த பகுதி இது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகள் மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் இங்கிலீஷ், கூடவே 2020-ம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமான மராத்தி. ஆக, நம் 'லைப்ரரி மிஸ்'ஸின் அலமாரியில் நான்கு மொழிப் புத்தகங்கள்.

அவருடைய ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் மூன்று லைப்ரரி பீரியட். நடுவில் ஒரு டீச்சர் லீவு என்றால் ப்ராக்ஸி பீரியட். பிறகு பாடநூல் கணக்கு, ஆண்டு விழா அழைப்பிதழ், திரும்பி வராத புத்தகங்களுக்கு நினைவூட்டல். சாயங்காலம் கல்யாண் ஸ்லோ பிடித்து வீடு. சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, ராத்திரி பத்து மணிக்கு போனைத் திறந்தால், "தொகுதி 3: உங்கள் வேகத்தில் கற்கவும்."

இவர் கோர்ஸை முடிக்கவில்லை என்றால் அது அவருடைய சோம்பலா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

'செல்ஃப்-பேஸ்டு' பயிற்சி என்றால் என்ன?

ஆசிரியர் நேரில் இல்லை, குறிப்பிட்ட மணிக்கு வகுப்பும் இல்லை. வீடியோ, பாடம், பயிற்சி எல்லாம் இணையத்தில் இருக்கும். நீங்கள் நினைத்தபோது திறந்து படிக்கலாம். இதைத்தான் பொதுவாக செல்ஃப்-பேஸ்டு, அதாவது சுயவேகப் பயிற்சி என்கிறார்கள்.

நடைமுறையில் இதில் மூன்று வகை உண்டு. ஒன்று, எப்போதும் திறந்திருக்கும் பாடங்கள். யூடியூப் வீடியோக்கள், மென்பொருள் கையேடுகள் போல. இரண்டாவது, ஒரு தேதியில் தொடங்கி ஒரு தேதியில் மூடும் பாடங்கள். அந்த இடைவெளிக்குள் மட்டும்தான் உங்கள் வேகம். மூன்றாவது, 'பார்' என்று சொல்லாமல் 'செய்' என்று சொல்லும் பயிற்சி. சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, செய்து பார்த்து எழுதச் சொல்வார்கள். நூலக உலகில் பெரிதாகப் பேசப்பட்டது இந்த மூன்றாவது வகைதான்.

இது எங்கே தொடங்கியது?

2006 ஆகஸ்ட். அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகம். வலைப்பதிவு, விக்கி, பாட்காஸ்ட் எல்லாம் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த காலம். வாசகர்கள் இவற்றைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். நூலக ஊழியர்கள் பலருக்குப் பழக்கம் இல்லை.

அங்கே தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஹெலன் ப்ளோவர்ஸ் என்ற நூலகர், எல்லாரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்து பவர்பாயின்ட் காட்டவில்லை. ஒன்பது வாரத்தில் செய்ய 23 வேலைகள் கொண்ட ஒரு பட்டியல் போட்டார். ஒரு வலைப்பதிவு தொடங்கு. ஒரு படம் ஏற்று. ஒரு விக்கியில் நாலு வரி சேர். ஒரு பாட்காஸ்ட் கேள். ஒவ்வொன்றையும் செய்தபின், எப்படி இருந்தது என்று உன் வலைப்பதிவில் எழுது. அவ்வளவுதான். 'லேர்னிங் 2.0' என்று பெயர் வைத்தார்கள். '23 திங்ஸ்' என்ற பெயரே நிலைத்தது.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பகிரப்பட்டதால் பல நாட்டு நூலகங்கள் இதை எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டன. கலிபோர்னியா பள்ளி நூலகச் சங்கம் பள்ளி நூலகர்களுக்கென்றே ஒரு வடிவம் தயாரித்தது.

அந்த 23-ல் இருந்த பல சேவைகள் இன்று வழக்கில் இல்லை. டெலிஷியஸ், டெக்னோராட்டி என்று சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் தெரியாத ஒன்றைத் திறந்து, தப்பாக ஒரு பட்டனை அழுத்திப் பார்த்து, சரிசெய்யப் பழகியவருக்கு அடுத்த கருவி அவ்வளவு பயமாக இருக்காது. பயிற்சியின் நோக்கமும் அதுதான்.

அது ஏன் வேலை செய்தது?

கெடு இருந்தது. முடித்த ஊழியர்களுக்கு ஒரு எம்பி3 பிளேயர் பரிசு. முடித்தவர்களில் குலுக்கல் முறையில் ஒருவருக்கு லேப்டாப். பக்கத்து மேசைக்காரரும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்தார். வேகம் அவரவருடையது, ஆனால் யாரும் தனியாக இல்லை. "இது முக்கியம், விளையாடிப் பாருங்க, தப்பு வந்தா பரவாயில்லை" என்று நிறுவனமே சொன்னது.

யாரும் கேட்காத, யாரும் கவனிக்காத கோர்ஸ் என்ன ஆகும் என்பதற்கும் தரவு இருக்கிறது. எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் இலவச இணையப் பாடங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. 2017-18-ல் அந்தப் பாடங்களில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களிடம் அது 46 சதவீதம்.

'காசு கொடுத்தாத்தான் படிப்பாங்க' என்று இதை அவசரமாகப் படிக்க வேண்டாம். பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் முதலிலேயே முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்கள். பாடம் நன்றாக இருப்பது மட்டும் போதாது, முடிக்க ஒரு காரணமும் வாய்ப்பும் வேண்டும் என்பதுதான் இதில் கிடைக்கும் செய்தி.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொல்லுங்க?

சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். இந்திய நூலக அறிவியலின் தந்தை. அவர் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12-தான் தேசிய நூலகர் தினம். இவ்வளவும் பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்போம். படித்திருக்காத பகுதி இது.

ரங்கநாதன் நூலகம் படித்தவர் இல்லை. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். சில நாட்களிலேயே சலித்துப்போய், "என்னைத் திரும்பக் கல்லூரிக்கே அனுப்புங்கள்" என்று போய் நின்றார். 'முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கணக்குக்கே திரும்பலாம்' என்று ஒப்பந்தம் ஆனது.

அதே ஆண்டு லண்டன் போனார். யுனிவர்சிட்டி காலேஜில் படித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கடையில் குழந்தைகளுக்கான மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது, சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி எத்தனையோ பொம்மை செய்ய முடிவது அவருக்கு உறைத்தது. பின்னாளில், 1933-ல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுதான். 1925-ல் ஊர் திரும்பியவர் பிறகு கணக்கு வகுப்புக்குப் போகவே இல்லை.

இதுவும் ஒருவகையில் சுயவேகக் கல்விதான்: தானே சுற்றி, தானே பார்த்து, தானே யோசித்தது. ஆனால் அவர் வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து இதைச் செய்யவில்லை. பல்கலைக்கழகம் அவரை அனுப்பியது; மாதக்கணக்கில் நேரம் கொடுத்தது. கற்றுக்கொண்டது அவருடைய திறமை. அதற்கு இடம் கொடுத்தது நிறுவனத்தின் முடிவு.

இன்றைக்கு இந்தியாவில் ஒரு பள்ளி நூலகருக்கு என்னென்ன கிடைக்கிறது?

பட்டியல் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

*ஸ்வயம்:* மத்திய அரசின் இணையப் பாடத் தளம், 2017 ஜூலை முதல். நூலக அறிவியல் பாடங்களும் உண்டு. படிக்க இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். ஆனால் வாரத் தவணை, ஒப்படைப்புக்குக் கடைசித் தேதி எல்லாம் இருக்கும். மேலே சொன்ன இரண்டாவது வகை.

*தீக்‌ஷா:* 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று வந்தது. கொரோனா காலத்தில் 'நிஷ்டா' பயிற்சி இதன் வழியே ஆன்லைனுக்கு மாறியது. ஆசிரியர்களையும் தலைமை ஆசிரியர்களையும் மனதில் வைத்து உருவானவை இவை. நூலகர் உள்ளே போகலாம். ஆனால் பாடம் அவரை நோக்கிப் பேசாது.

*தேசிய டிஜிட்டல் நூலகம்:* ஐஐடி கரக்பூர் நடத்துவது. பாடநூல் முதல் ஆய்வேடு வரை ஒரே இடத்தில் தேடலாம். சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் தனி டிஜிட்டல் நூலகம் அமைப்பதாக 2023 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அதுதான் இப்போது 'ராஷ்ட்ரீய இ-புஸ்தகாலயா'.

*ஸ்டோரிவீவர்:* பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கியது. பல மொழிகளில் சிறுவர் கதைகள். இலவசமாகப் படிக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்த்துச் சேர்க்கவும் செய்யலாம். ஒரே கதையைத் தமிழிலும் மராத்தியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம் என்பதால் மாட்டுங்கா மாதிரி இடத்துக்குக் கச்சிதம்.

*கோஹா:* நூலகத்தின் அட்டவணை, வரவு, இரவல் எல்லாவற்றையும் கவனிக்கும் மென்பொருள். கட்டற்றது, உரிமத்துக்குப் பணம் இல்லை. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற இடத்து நூலகத்தின் பழைய மென்பொருள் 2000-ம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும் புதிதாக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. 'கோஹா' என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு.

அப்போ எல்லாம் இருக்கே, பிரச்னை எங்கே?

வீடியோ முடிந்த இடத்தில் தொடங்கும் பிரச்னை

நம் மாட்டுங்கா மிஸ் எப்படியோ கோஹா பாடத்தை முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாள் முதல் புத்தகத்தை எடுக்கிறார்.

இங்கிலீஷ் புத்தகம் என்றால் வேலை சுலபம். பின் அட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினால், அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் போன்ற பெரிய நூலகத்திலிருந்து தலைப்பு, ஆசிரியர், பொருள் எல்லாம் தானாக வந்து விழும். இதைக் காப்பி கேட்டலாகிங் என்பார்கள்.

இப்போது ஒரு தமிழ்ப் புத்தகம். பழைய பதிப்புகள் பலவற்றில் ஐஎஸ்பிஎன்னே இருக்காது. பதிவு கிடைத்தாலும், தமிழ்த் தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளியும் கோடுமாக இருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளை தேடல் கட்டத்தில் தமிழில் டைப் செய்தால் பூஜ்யம். தான் பேசுகிற மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாலும் பொருந்தாமல் போகலாம். புத்தகம் அலமாரியில் இருக்கிறது. கம்ப்யூட்டர் "இல்லை" என்கிறது.

இதற்குத் தீர்வு உண்டு. தலைப்பைத் தமிழ் யூனிகோடில் ஒருமுறையும், பேச்சு வழக்கு இங்கிலீஷ் எழுத்தில் இன்னொரு முறையும் பதிய வேண்டும். நூலகப் பதிவுகளின் வடிவமான மார்க்-ல் மாற்றுத் தலைப்புக்கென்றே 246 என்ற புலம் இருக்கிறது. ஆனால் இதை யாராவது உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும், சோதிக்க வேண்டும்.

அடுத்தது அகரவரிசை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. யூனிகோடில் தமிழ் மெய்களின் எண் வரிசை நம் மரபு வரிசை இல்லை. நமக்கு ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. அங்கே ய, ர, ற, ல, ள, ழ, வ; ன-வோ முன்னாடியே ந-வுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. புள்ளி வைத்த எழுத்தும் இடம் மாறிவிடும். அகராதியில் 'அக்கறை' முதலில், 'அகதி' பிறகு. மென்பொருள் வெறும் எண்ணை வைத்து அடுக்கினால் 'அகதி' முன்னே வரும். 'தவளை'க்கு முன்னால் 'தழல்' வந்து நிற்கும். தமிழுக்கான வரிசை விதியைச் சரியாக அமைத்தால் இது தீரும். ஆனால் அது அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, முதலில் பிரச்னை இருப்பது தெரிய வேண்டும்.

மூன்றாவது, முன்பு யாரோ பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் டைப் செய்து வைத்த பட்டியல். புது கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் கோஹாவில் ஏற்ற முடியும்.

இவை பொதுவான அறிமுகக் கோர்ஸ் வீடியோவில் வரும் விஷயங்கள் இல்லை. செய்து, மாட்டிக்கொண்டு, தேடி, தெரிந்தவரைக் கேட்டுக் கற்பவை. அதற்குத் தேவை பகல் நேரமும் ஒரு கம்ப்யூட்டரும்.

நேரக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். பள்ளியில் 6,000 புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம். மொத்தம் 300 மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும், வருடத்துக்குச் சுமார் 200 வேலை நாள் என்றால், ஒன்றரை வருஷம். ப்ராக்ஸி பீரியட் எதுவும் வராமல் இருந்தால்!

ஏஐ வந்துட்டே… இன்னும் நூலகர் எதுக்கு?

2025 மே மாதம் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழோடு வந்த இணைப்பில் கோடை விடுமுறைக்கான வாசிப்புப் பட்டியல் ஒன்று வெளியானது. 15 புத்தகங்களில் 10 புத்தகங்கள் உலகத்திலேயே இல்லை. எழுத்தாளர்கள் உண்மை, தலைப்புகள் கற்பனை. ஏஐ தயாரித்ததை யாரும் சரிபார்க்காமல் அச்சடித்துவிட்டார்கள்.

ஒரு நாளிதழுக்கே இது நடந்தால், ஏஐயிடம் 'சங்க இலக்கியம் பற்றிச் சிறுவர் நூல்கள்' என்று கேட்டு ஒரு பட்டியலோடு வரும் எட்டாம் வகுப்புப் பையனுக்கு? "இந்தப் புத்தகம் இருக்கா இல்லையான்னு முதல்ல பார்ப்போம் வா" என்று கூட உட்கார்ந்து தேட ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு ஏஐ எங்கே உதவும், எங்கே கதை கட்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதுவும் பத்து தடவை பயன்படுத்திப் பார்த்து வரும் அறிவுதான்.

இன்னொன்று, பிள்ளைகளின் பெயரையும் போன் நம்பரையும் புது ஆப்பில் ஏற்றும் முன் நிதானம் வேண்டும். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அதன் பொது விதி. 'இலவச ஆப்' என்று எல்லா வகுப்புப் பட்டியலையும் தூக்கி ஏற்றிவிடக் கூடாது.

சட்டமும் கொள்கையும் என்ன சொல்கின்றன?

கல்வி உரிமைச் சட்டம், 2009. அதன் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், நாளிதழ், இதழ், கதைப் புத்தகம் எல்லாம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நூலகர்? அந்த அட்டவணையில் அந்த வார்த்தையே கிடையாது. எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர் என்று கணக்குச் சொல்லும் சட்டம், அலமாரியைக் கேட்கிறது; அதைத் திறப்பவரைக் கேட்கவில்லை.

அரசுப் பள்ளிகளுக்கு 'சமக்ர சிக்‌ஷா' திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5,000 முதல் ரூ.20,000 வரை நூலக மானியம் உண்டு. அது புத்தகம் வாங்க.

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொடர் தொழில்முறைப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு 40 பள்ளி வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம். ஆசிரியருக்கு இந்த எண் எழுத்தில் இருக்கிறது. நூலகரை ஆசிரியராகக் கணக்கில் எடுப்பதா, அலுவலக ஊழியராகவா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும்போது, அவருடைய 50 மணி நேரமும் அதோடு சேர்ந்து ஆடும்.

'உங்கள் வேகத்தில்' என்ற இனிமையான சொல் மறைப்பது இதைத்தான். பயிற்சியின் செலவு, அதாவது நேரம், நிறுவனத்தின் கணக்கிலிருந்து கழன்று ஊழியரின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பள்ளி நூலகர்களில் பெண்கள் என்றால் அந்த ராத்திரி பத்து மணிக்கு முன்னால் இன்னொரு ஷிப்ட்டும் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

*பள்ளி நிர்வாகத்துக்கு:* பெரிய பட்ஜெட் வேண்டாம். கால அட்டவணையில் வாரம் ஒரு பீரியட் போதும். 'நூலகர்: பயிற்சி' என்று எழுதிப் போடுங்கள், அந்த பீரியடில் ப்ராக்ஸி இல்லை. ஒரு கம்ப்யூட்டர், நிலையான இணையம், டைம்டேபிளில் அந்த ஒரு கட்டம். இந்த மூன்றும் இல்லாமல் கோர்ஸ் லிங்க் அனுப்புவதில் அர்த்தமில்லை.

*நூலகருக்கு:* 23 வேண்டாம், ஒரு டெர்முக்கு ஆறு வேலை போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம்.

- தமிழ்99 அல்லது இன்ஸ்க்ரிப்ட் விசைப்பலகையில் யூனிகோடில் டைப் செய்யப் பழகுவது.
- பத்தே பத்துப் புத்தகத்தை நான்கு மொழியிலும் சேர்த்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் பதிவது. தலைப்பு இரண்டு எழுத்தில்.
- கோஹாவின் மாதிரித் தளத்தில் அதே பத்தைப் பதிந்து, தேடிப் பார்ப்பது. எது கிடைக்கவில்லை, ஏன்?
- ஸ்டோரிவீவரில் ஒரு கதையைத் தமிழிலும் மராத்தியிலும் எடுத்து ஒரு வகுப்பில் படிக்கவைப்பது.
- தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கான நூலகம்.ஆர்க் இரண்டிலும் ஆளுக்கொரு நூலைப் பிள்ளைகளோடு தேடுவது.
- ஏஐயிடம் ஒரு வாசிப்புப் பட்டியல் கேட்டு, ஒவ்வொரு தலைப்பும் நிஜமா என்று ஆறாம் வகுப்போடு சேர்ந்து சோதிப்பது.

ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு நோட்டில் அரைப் பக்கம்: என்ன செய்தேன், எங்கே மாட்டினேன், எப்படி வெளியே வந்தேன். வேலையை விட்டுப் போனாலும் அடுத்து வருபவருக்கு அந்த நோட்டு எந்தக் கோர்ஸையும்விட உதவும். பக்கத்துப் பள்ளி நூலகர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. மாட்டுங்கா, சயான், செம்பூர் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று எட்டும் தூரம்தான். நடந்த சிக்கல் ஒருவருக்கு என்றால், தீர்வு மற்றவருக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

*உங்களுக்கு:* ஆமாம், இதைப் படிக்கிற உங்களுக்குத்தான். உங்களில் பலர் ஐடியில் இருக்கிறீர்கள். லினக்ஸ் சர்வரில் கோஹாவை நிறுவுவது, தினமும் பேக்கப் எடுக்க வைப்பது, தமிழ் அகரவரிசை அமைப்பைச் சரிபார்ப்பது, பாமினிப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றுவது எல்லாம் உங்களுக்கு ஒரு சனிக்கிழமை வேலை. நூலகருக்கு அது ஒரு வருஷத் தலைவலி. நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு போன் போட்டு, "லைப்ரரியில கம்ப்யூட்டர் இருக்கா மிஸ்? நான் ஒருநாள் வரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நிறுவிவிட்டு, பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறைந்துவிடாதீர்கள். அவர் பக்கத்தில் உட்காருங்கள். மவுஸ் அவர் கையில் இருக்கட்டும். அவர் தப்பாக அழுத்தட்டும், திரும்பச் சரிசெய்யட்டும். ஆறு மாதம் கழித்து சர்வர் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக: அந்த நூலகர் சோம்பேறியா?

இல்லை. ராத்திரி பத்து மணிக்கு அவர் மூடிய கோர்ஸை, வெள்ளிக்கிழமை நாலாவது பீரியடில் கொடுத்துப் பாருங்கள். கதவைச் சாத்தி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 'தவளை' என்று தமிழில் டைப் செய்து, அலமாரியில் இருக்கும் புத்தகம் திரையில் வராதது ஏன் என்று அவரே தேட ஆரம்பிப்பார். கண்டுபிடித்துவிட்டார் என்றால், அடுத்த வாரம் தாராவியிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு அந்தப் புத்தகம் கிடைக்கும்.